சிர்கோனியா கிரவுன்: கடி சரிசெய்த இடத்துக்கு எவ்வளவு மெருகு போதும்?

முதல்வரிசை எழுதியது:

வணக்கம். கிளினிக் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன்.

கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லுக்கு முழு சிர்கோனியா கிரவுன், அதாவது கெட்டியான வெள்ளைப் பீங்கானில் செய்த பல் உறை. சிமெண்ட் வைத்து ஒட்டி முடித்ததும், "டாக்டர், கடிச்சா இதுதான் முதல்ல தட்டுது" என்றார் நோயாளி. கடி படும் இடத்தில் மை ஒட்டும் ஆர்டிகுலேட்டிங் பேப்பர் வைத்துப் பார்த்தேன். நீலமாக இரண்டு பெரிய புள்ளி. ஏர்ரோட்டரில் (காற்றில் அதிவேகமாகச் சுழலும் கருவி) சிவப்பு வளையப் பர் (வைரத் துகள் பதித்த தேய்ப்பு முனை) போட்டு, தண்ணீரோடு நான்கைந்து முறை தொட்டு எடுத்தேன். அப்புறம் கையில் இருந்த சாம்பல் நிற மெருகு ரப்பரால் ஒரு பத்து விநாடி. பளபளப்பாகத்தான் இருந்தது. அவரும் "இப்ப சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு மாதம் கழித்து இந்த வாரம் வந்திருக்கிறார். மேலே இருக்கும் எதிர்ப்பல்லில் கூச்சம். அந்தப் பல்லின் முகட்டில் தட்டையாக ஒரு தேய்மானம் தெரிகிறது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் வெளியே வரவில்லை. சிர்கோனியா கடினமானது, அதனால் எதிர்ப்பல் தேயத்தான் செய்யும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா? நான் செய்த மெருகு போதவில்லையா?

---

பீங்கான்_மேசை எழுதியது:

டாக்டர், நான் லேப் ஆள். வாய்க்குள் வேலை செய்கிறவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வி: பளபளப்பாக இருந்தது என்கிறீர்களே, ஈரமாக இருக்கும்போது பார்த்ததா, காய வைத்துப் பார்த்ததா?

எச்சில் படிந்தால் கருங்கல்லும் பளபளக்கும். அந்த நோயாளி அடுத்த முறை வரும்போது கிரவுனைப் பஞ்சால் துடைத்து, ஏர் சிரிஞ்சால் நன்றாக ஊதுங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். சுற்றிலும் கண்ணாடி போல இருக்கும். நீங்கள் பர் வைத்த இடம் மட்டும், சிலேட்டில் எழுதி ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த மாதிரி, வெளிறி மங்கலாகத் தெரியும். இன்னொரு வழியும் உண்டு. பேப்பர் வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, அந்த மையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். மெருகேறிய இடத்தில் ஒரே இழுப்பில் போய்விடும். சொரசொரப்பான இடத்தில் மை உள்ளே இறங்கி நிற்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது.

சிவப்பு வளையம் என்றாலே மாவு போன்ற பர் என்று நினைக்கிறார்கள். அதில் இருக்கும் வைரத் துகள் சுமார் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). மஞ்சள் வளையத்தில் சுமார் 15, வெள்ளையில் 8. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஒரு பரப்பின் சொரசொரப்பு ஆர்ஏ அளவில் (மேடுபள்ளங்களின் சராசரி) 0.2 மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால், அதற்கு மேல் மெருகேற்றினாலும் பாக்டீரியா படிவது குறையாது என்பது பல வருடமாகப் புழங்கும் கணக்கு. நாக்கு நுனி அரை மைக்ரான் வித்தியாசத்தையே கண்டுபிடித்துவிடும். அப்படியிருக்க, 30 மைக்ரான் துகள் கீறிய இடத்தை ஒரே ரப்பர் பத்து விநாடியில் என்ன செய்யும்? மேடுகளின் தலையை மட்டும் வழவழப்பாக்கும். பள்ளம் அப்படியே கிடக்கும். வெளிச்சத்தில் மின்னும், விரலுக்கும் வழவழப்பாகவே படும். ஆனால் எதிர்ப்பல்லுக்கு அது அரம்தான்.

---

சந்தேகி எழுதியது:

இருங்கள், அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். நான்கு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு தேய்மானமா? கடைவாயில் பல்லின் வெளி உறையான எனாமலும் எனாமலும் உரசினாலே ஆண்டுக்கு 30 மைக்ரான் அளவில் தேயும். சொரசொரப்பான பீங்கானோடு உரசினால் அதைவிட அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தத் தட்டையான இடம் முன்பே இருந்ததா என்று பார்த்தீர்களா? கிரவுனுக்கு முன் எடுத்த போட்டோ, அச்சு, ஸ்கேன், ஏதாவது இருக்குமே. அவர் இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவரா? மற்ற பற்களிலும் இதே மாதிரி தட்டையான இடங்கள் உண்டா?

அப்புறம் கூச்சம். தேய்ந்ததால் கூசுகிறது என்று நீங்களே முடிவு கட்டுகிறீர்கள். கடி இன்னும் உயரமாக இருந்து, எதிர்ப்பல் தினமும் அடி வாங்கிக்கொண்டே இருந்தாலும் கூசும்.

நண்பர் சொன்ன "கடினமானது, அதனால் தேய்க்கும்" என்பது பாதிதான் உண்மை. விக்கர்ஸ் என்ற கடின அளவுகோலில் சிர்கோனியா 1200-ஐத் தாண்டும், எனாமல் 300 சொச்சம். இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆய்வகச் சோதனைகளில், நன்றாக மெருகேற்றிய சிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்ப்பது அதைவிட மென்மையான பழைய வெனீர் பீங்கானைவிட (கிரவுனுக்கு மேற்பூச்சாகப் போடுவது) குறைவு என்றுதான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. தேய்ப்பதைத் தீர்மானிப்பது கடினம் அல்ல, பரப்பு. கடினமாக இருப்பதன் ஆபத்து வேறு மாதிரியானது. மென்மையான பொருளில் நீங்கள் விட்ட கீறல் காலப்போக்கில் தானாகத் தேய்ந்து மழுங்கும். சிர்கோனியாவில் நீங்கள் விட்டது விட்டபடியே இருக்கும்.

---

முதல்வரிசை எழுதியது:

போட்டோ இருக்கிறது, தேடிப் பார்க்கிறேன். இரவில் பல் கடிக்கும் பழக்கம் பற்றி நான் கேட்கவே இல்லை. அது என் தப்பு.

இன்னொரு கேள்வி. இந்தக் கிரவுன் லேபிலிருந்து கிளேஸ் போட்டுத்தான் வந்தது. ஒட்டுவதற்கு முன்பே கடியைச் சரிசெய்து, திரும்ப லேபுக்கு அனுப்பி மறுபடி கிளேஸ் போட்டு வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையோ?

---

பீங்கான்_மேசை எழுதியது:

எங்களிடம் அனுப்பினால் சந்தோஷம்தான், ஆனால் கிளேஸை நம்பிச் சொரசொரப்பை மூடாதீர்கள். கிளேஸ் என்பது மேலே ஒட்டிய மெல்லிய கண்ணாடிப் படலம். மெல்லும் இடத்தில் சில மாதத்தில் உரிந்துவிடும். உரிந்த பிறகு எதிர்ப்பல்லுக்கு முன்னால் நிற்பது கீழே என்ன இருந்ததோ அதுதான். கீழே பர் போட்ட தழும்பு இருந்தால் தழும்பு. அதனால் என் மேசையில், கடிக்கும் பகுதியை முதலில் முழுசாக மெருகேற்றிவிட்டு, அப்புறம்தான் சாயமும் கிளேஸும். சில லேபில் நேரம் மிச்சம் என்று மெருகைத் தாண்டிவிடுகிறார்கள். கிளேஸ் போட்டதும் எல்லாக் கிரவுனும் ஒரே அழகாகத்தான் இருக்கும், எது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. கேட்டு வாங்குங்கள்: "கடிக்கும் இடத்தை மெருகேற்றித்தான் கிளேஸ் போட்டீர்களா?"

---

இருபதாண்டு_நாற்காலி எழுதியது:

எல்லோரும் மெருகைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் அதற்கு முந்தின கட்டத்துக்குப் போகிறேன். அந்தக் கிரவுன் ஏன் உயரமாக இருந்தது?

தம்பி, பேப்பரை எடுப்பதற்கு முன் கிரவுன் முழுசாக உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். பக்கத்துப் பல்லோடு தொடுகிற இடம் இறுக்கமாக இருந்தால் கிரவுன் அரை மில்லிமீட்டர் அந்தரத்தில் நிற்கும். ஃப்ளாஸ் நூல் போட்டுப் பார், எக்ஸ்ப்ளோரர் ஊசியால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார். விளிம்பு திறந்திருக்கும்போது மேலே தேய்த்தால், நல்ல கிரவுனை மெலிதாக்கிவிட்டு, கீழே இடைவெளியையும் விட்டுவைக்கிறாய். கெட்டியாகப் போன சிமெண்டாலும் கிரவுன் உட்காராமல் நிற்கும். சிர்கோனியாவை ஒட்டுவதற்கு முன்பே கடிக்க வைத்துப் பார்க்கலாம், உடையாது. அதை ஏன் செய்யவில்லை? வெளியே வைத்து மெருகேற்றுவது எவ்வளவு சுலபம்! கையில் பிடித்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், நேர் ஹேண்ட்பீஸில். அப்படிச் செய்யும்போது முகக்கவசமும் சக்‌ஷனும் வேண்டும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முடித்ததும் உள்பக்கம் மெருகுப் பசையும் எச்சிலும் இல்லாமல் சுத்தம் செய்துவிட்டு ஒட்டு.

அடுத்து, மரத்துப்போன வாயை நம்பாதே. ஊசி போட்ட ஆளிடம் "சரியா இருக்கா?" என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார். மரக்காத இயற்கைப் பல்லுக்கு நடுவில் 20 மைக்ரான் தாளை வைத்தாலே தெரிந்துவிடும். மரத்தால் ஒன்றும் தெரியாது. படுத்திருக்கும்போது கீழ்த்தாடை பின்னால் சரியும், புள்ளிகள் வேறு இடத்தில் விழும். நான் எப்போதும் கடைசியாக நாற்காலியை நிமிர்த்தி, காலைத் தரையில் ஊன்றி உட்காரச் சொல்லி, ஒரு தடவை தட்டச் சொல்வேன். பாதி நாள் புதுசாக ஒரு புள்ளி விழும்.

புள்ளியின் அளவும் ஏமாற்றும். பெரிய புள்ளி என்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம் இல்லை. நடுவில் வெளுத்து ஓரம் மட்டும் மை கட்டிய வளையம் தெரிந்தால் அங்கேதான் நிஜமான இடி. தடித்த நீலப் பேப்பர் 200 மைக்ரான், அது தொடாத இடத்தையும் பூசிவிட்டுப் போகும். முதலில் அதில் இடத்தைக் கண்டுபிடி, அப்புறம் 40, அப்புறம் 12 என்று மெலிதாக இறங்கு. கடைசியில் 8 மைக்ரான் ஷிம்ஸ்டாக் தாளை முன்னும் பின்னும் இருக்கிற பற்களில் வைத்து இழுத்துப் பார். அங்கே கிரவுன் வருவதற்கு முன் பிடித்த மாதிரியே பிடிக்கிறதா? பிடித்தால் நிறுத்து. ஈரத்தில் எந்தப் பேப்பரும் பேசாது, துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் தேய்க்க வேண்டியது கொஞ்சம்தான் இருக்கும். கொஞ்சம் தேய்த்ததை மெருகேற்றுவது பெரிய வேலை இல்லை.

---

முதல்வரிசை எழுதியது:

மேடம், ஒவ்வொரு வரியும் எனக்கே எழுதினது மாதிரி இருக்கிறது. ஊசி போட்டிருந்தேன். நிமிர்த்தி உட்கார வைக்கவில்லை. மெருகேற்றும் வரிசையையும் சொல்லிவிடுங்களேன்.

---

இருபதாண்டு_நாற்காலி எழுதியது:

தேய்க்கும்போதே பாதி மெருகு தீர்மானமாகிறது. வாய்க்குள் பச்சை, கறுப்பு வளைய முரட்டுப் பரைத் தொடவே தொடாதே. சிவப்பில் எடுத்து, மஞ்சளில் அந்தக் கோடுகளை அழி. தண்ணீர் நிறைய, கை லேசாக, தொட்டுத் தொட்டு எடு. சிர்கோனியா சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, அழுத்தினால் அந்த ஒரு புள்ளியிலேயே சூடு தங்கி நுண்ணிய விரிசல் விழும்.

அப்புறம் ஏர்ரோட்டரை வைத்துவிடு. மூன்று லட்சம் சுற்றில் ரப்பரைப் போட்டால் ரப்பர்தான் பறக்கும். மெதுவாகச் சுற்றும் மைக்ரோமோட்டரில் வளைந்த தலையுள்ள கான்ட்ரா ஆங்கிள், நிமிடத்துக்கு 7,000 முதல் 12,000 சுற்று வரை. உன் ரப்பரின் டப்பாவில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. சிர்கோனியாவுக்கு என்றே வரும் வைரத்தூள் கலந்த ரப்பர் வேண்டும். பல் நிற அடைப்புக்கான காம்போசிட் ரப்பரால் தேய்த்தால் ரப்பர் கரையும், கிரவுன் உன்னைப் பார்த்துச் சிரிக்கும். உன் சாம்பல் ரப்பர் எதற்கானது என்று பார்த்தாயா?

முரடு, நடுத்தரம், மென்மை. ஒன்றைத் தாண்டி அடுத்ததுக்குப் போனால் முந்தின கீறலை அது அழிக்காது, மேலே மினுமினுப்பை மட்டும் பூசும். அதிக நேரம் முரடான முதல் ரப்பருக்குத்தான். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள், கடைசி ரப்பரை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் போராடுகிறார்கள். முதல் ரப்பரில் பர் கோடுகள் ஒன்றுகூட இல்லாமல் ஒரே மாதிரி மங்கலாக வர வேண்டும். அதுவரை இரண்டாவதைத் தொடாதே. ஒவ்வொரு ரப்பருக்கு நடுவிலும் கழுவு, இல்லாவிட்டால் முந்தின தூளே புதுக் கோடு போடும். திசையையும் மாற்று. முதலில் கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் என்றால், அடுத்தது குறுக்கே. பழைய கோடு மிச்சம் இருந்தால் அப்போது காட்டிக்கொடுக்கும்.

குழிக்குள் வட்ட ரப்பர் போகாது, கூர் முனை ரப்பர் வேண்டும். கடைசியில் பிரஷ்ஷும் வைரப் பசையும் போட்டால் நல்லது, எனக்குப் பிடிக்கும். ஆனால் முன்னால் மூன்று படியும் ஒழுங்காக இல்லாமல் பசையால் எதுவும் ஆகாது.

உள்ளே உயிருள்ள பல் இருக்கிறது என்பதையும் மறக்காதே. 1965-ல் குரங்குப் பற்களில் செய்த சோதனையில், பற்கூழின் (பல்லுக்குள் இருக்கும் உயிர்த்திசு) வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறியதுமே சுமார் 15 சதவீதப் பற்கள் மீளவில்லை. இன்று வரை எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான்.

மெருகு முடிந்ததும் கடியை மறுபடி பார். அதையும் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள்.

---

நாக்குநுனி எழுதியது:

நான் டாக்டர் இல்லை, பல் கேப் போட்டுக்கொண்ட சாதாரண ஆள். தேடிக்கொண்டு வந்தபோது இந்த இழை கிடைத்தது, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

மூன்று வாரம் முன்பு எனக்குக் கேப் போட்டார்கள். உயரம் என்று சொன்னதும் உடனே தேய்த்துக் கொடுத்தார்கள். கடி சரியாகிவிட்டது. ஆனால் உள்பக்கம் ஒரு இடம் பூனை நாக்கு மாதிரி இருக்கிறது. என் நாக்கு நாள் முழுக்க அங்கேயேதான் போய் நிற்கிறது. போன் செய்து கேட்டதற்கு "போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். நிஜமாகவே சரியாகுமா? திரும்பப் போய்க் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?

---

சந்தேகி எழுதியது:

தாராளமாகப் போய்க் கேளுங்கள், இதில் தயக்கமே வேண்டாம். அந்தச் சொரசொரப்பு தானாகச் சரியாகாது, பழகிப்போகலாம், அவ்வளவுதான். அதற்குள் எதிர்ப்பல் விலை கொடுக்கும், அந்த இடத்தில் கறையும் அழுக்கும் படியும். "இந்த இடத்தில் நாக்குக்குச் சொரசொரவென்று படுகிறது, காய வைத்துப் பார்த்து மெருகேற்றித் தருகிறீர்களா?" என்று கேட்டால் போதும். பத்து நிமிட வேலை, ஊசிகூடத் தேவைப்படாது. இதற்காகக் கோபப்படும் டாக்டரை நான் பார்த்ததில்லை. ஒரு வேளை கோபப்பட்டால் அவருக்கு அன்று வேறு ஏதோ பிரச்சினை.

---

நீலப்பேப்பர் எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். சிர்கோனியாவைத் தேய்த்தால் பலம் கூடும் என்று படித்த ஞாபகம். அப்படியானால் பயப்படாமல் தேய்க்கலாமா?

---

சந்தேகி எழுதியது:

தேய்க்கும் அழுத்தத்தில் மேல் படலத்தின் படிக அமைப்பு மாறும், டெட்ராகோனல் என்ற வடிவம் மோனோகிளினிக் என்ற வடிவமாகும். மாறும்போது கனஅளவு சுமார் 4 சதவீதம் விரிவதால் மேலே ஒரு அமுக்க அடுக்கு உண்டாகி, சின்ன விரிசலை நெருக்கிப் பிடிக்கும். நீங்கள் படித்தது இதைத்தான். ஆனால் முரட்டுப் பர் போடும் விரிசல் அந்த மெல்லிய அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் எந்தப் பிடிப்பும் உதவாது. மேலும் இது பழைய, வெள்ளையாகத் தெரியும் 3 மோல் சதவீத யிட்ரியா (சிர்கோனியாவை நிலைப்படுத்தக் கலக்கும் ஆக்சைடு) வகையின் குணம். இப்போது அழகுக்காகப் போடும் ஒளி ஊடுருவும் 5 மோல் வகையில் இந்த மாற்றம் மிகக் குறைவு, பலமும் ஏற்கெனவே கிட்டத்தட்ட பாதிதான். அதைத் தேய்த்துவிட்டு மெருகேற்றாமல் விடுவது கண்ணாடியில் கீறல் போட்டுவிட்டு வளைப்பது போல. எந்த வகை என்று லேபில் கேட்டுக் குறித்து வையுங்கள்.

---

நீலப்பேப்பர் எழுதியது:

லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கானுக்கும் இதே வரிசைதானா?

---

இருபதாண்டு_நாற்காலி எழுதியது:

வரிசை அதேதான், ரப்பர் வேறு. கண்ணாடிப் பீங்கானுக்கான செட் போதும், சிர்கோனியா ரப்பர் அதற்குக் கொஞ்சம் முரட்டுத்தனம். முக்கியமான வித்தியாசம், ஒட்டுவதற்கு முன் நறுக்கென்று கடிக்க வைக்காதே. மெலிந்த ஆன்லே (பல்லின் மேல்பகுதியை மட்டும் மூடும் உறை) என்றால் கையிலேயே இரண்டு துண்டாக வரும். ஒட்டின பிறகுதான் கடி. தேய்ப்பதற்கு முன் தடிமனை அளந்து எழுதி வைத்துக்கொள், ஒட்டிய பிறகு அளக்க முடியாது. ஏற்கெனவே மெலிந்திருந்தால், எதிர்ப்பல்லின் கூர் முகட்டைத் துளி மழுக்குவது நல்லதா என்று யோசி. நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகுதான். மழுக்கின எனாமலையும் மெருகேற்ற வேண்டும்.

---

பீங்கான்_மேசை எழுதியது:

இதோடு ஒன்று. வாயில் பல மாதம் இருந்த பழைய கிரவுனைக் கழற்றி, "ஒரு கிளேஸ் போட்டுக் கொடுங்க" என்று அனுப்பாதீர்கள். வெனீர் பீங்கான் வாயில் ஈரம் குடித்திருக்கும். உலையில் வைத்தால் குமிழி விடும், வெடிக்கும். மணிக்கணக்காக உலர்த்திச் செய்தாலும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

---

முதல்வரிசை எழுதியது:

மன்னிக்கவும், பத்து நாள் கழித்து வருகிறேன்.

பழைய போட்டோவைத் தேடி எடுத்தேன். சந்தேகி சார் சொன்னது சரி. எதிர்ப்பல்லின் தட்டை இடம் முன்பே பாதி இருந்தது. ஆனால் போட்டோவில் அதன் ஓரம் மழுங்கி உருண்டிருந்தது, இப்போது கத்தி விளிம்பு மாதிரி கூராக இருக்கிறது, பரப்பும் கூடியிருக்கிறது. கேட்டால், இரவில் பல் கடிக்கும் சத்தம் வருவதாக வீட்டில் சொல்வார்களாம். ஆக, நானும் காரணம், அவர் பழக்கமும் காரணம்.

நேற்று வரவழைத்தேன். ஊசி போடவில்லை. துடைத்து, ஊதி, லூப்பில் பார்த்தேன். பீங்கான்_மேசை சொன்ன அதே வெளிறிய இடம், துவரம்பருப்பு அளவில் இரண்டு. நடுவில் பர் போன திசையில் இணைகோடுகள்கூடத் தெரிந்தன. நான்கு மாதம் அவர் மென்ற பிறகும் ஒரு கோடுகூட அழியவில்லை. என் சாம்பல் ரப்பர் காம்போசிட்டுக்கானது, டப்பாவிலேயே எழுதியிருக்கிறது.

நிமிர்த்தி உட்கார வைத்துத் தட்டச் சொன்னதும் பின்பக்கம் புதிதாக ஒரு வளையப் புள்ளி விழுந்தது. அதை மஞ்சள் பரில் எடுத்தேன். அப்புறம் புதிதாக வாங்கிய மூன்று ரப்பரும் வரிசையாக. முதல் ரப்பருக்கு மட்டும் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆனது. அதுவரை கோடு போகவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் ஒவ்வொரு நிமிடம்கூட ஆகவில்லை. காய வைத்துப் பார்த்தபோது மேலே விளக்கின் பிம்பம் உடையாமல் முழுசாகத் தெரிந்தது. ஸ்பிரிட் பஞ்சால் மை ஒரே இழுப்பில் போய்விட்டது. எதிர்ப்பல்லுக்கு ஃப்ளூரைடு வார்னிஷ் வைத்திருக்கிறேன், இரவில் போட நைட் கார்டுக்கும் ஸ்கேன் எடுத்தாயிற்று. கூச்சம் குறைகிறதா என்று ஒரு மாதம் பார்க்க வேண்டும்.

---

சந்தேகி எழுதியது:

நைட் கார்டு நல்ல முடிவு. எதிர்ப்பல்லை இன்றே ஸ்கேன் எடுத்துக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். அப்போதுதான் தேய்மானம் நின்றதா என்று தெரியும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

---

நாக்குநுனி எழுதியது:

போய்க் கேட்டுவிட்டேன்! "காய வைத்துப் பாருங்கள்" என்றதும் டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் ஊதிப் பார்த்தார். "அட, ஆமாம்" என்று அவரே சொல்லிவிட்டு மெருகேற்றிக் கொடுத்தார். இப்போது எந்தப் பக்கத்தில் கேப் என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

---

பீங்கான்_மேசை எழுதியது:

முதல்வரிசை டாக்டர், அந்த முதல் ரப்பரை அடுத்த நோயாளிக்கு எடுப்பதற்கு முன் ஆட்டோகிளேவில் போட்டு, ஓரம் மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிர்கோனியாவில் மூன்று நிமிடம் ஓடினதென்றால் அதன் ஆயுளில் நல்ல பகுதி போயிருக்கும்.